அப்பாவின் ஜீப்பும் மதுரை மெக்கானிக் தரும் எஞ்சினும்

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட ஒரு கடலோர ஊரிலிருந்து 33 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

அவருடைய அப்பா 1991-ஆம் வருடத்து மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் ஒன்று வைத்திருந்தார். ஃபோர் வீல் டிரைவ், பெஜோ டீசல் எஞ்சின், ஆர்.சி. புத்தகத்தில் 2112 சி.சி. கரைக்கு ஐஸ் பெட்டி கொண்டுபோவது, மீன் கூடைகளை ஏற்றிவருவது, வாடைக்காற்று எடுத்துவிட்டால் வள்ளத்தை மேட்டுக்கு இழுத்துப் போடுவது எல்லாமே அந்த ஜீப்தான். அப்பா இரண்டு வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். வண்டி இப்போது புகை கக்குகிறது, ஈர மணலில் வள்ளத்தைக் கட்டி இழுத்தால் திணறி நின்றுவிடுகிறது. மதுரையில் ஒரு மெக்கானிக், பழைய போலேரோவிலிருந்து கழற்றிய 2523 சி.சி. டி.ஐ. எஞ்சினை கியர் பாக்ஸோடு சேர்த்து மாட்டித் தருவதாகச் சொல்கிறார். மொத்தம் 1,60,000 ரூபாய். முன்பணம் 15,000 கொடுத்தாகிவிட்டது.

இனி வாசகரின் வார்த்தைகளிலேயே: "இரண்டும் ஒரே கம்பெனி வண்டி. ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஞ்சின் நம்பரை மாற்றிக்கொண்டால் போதும் என்கிறார். அவர்கள் இழுத்தடித்தால் பழைய நம்பரையே புது பிளாக்கில் குத்தித் தந்துவிடுவாராம். நான் ஓட்டுவது பெரும்பாலும் மணலில்தான், ரோட்டுச் சட்டம் எனக்கு எதற்கு? லீவு நாளில் தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றினால் போட்ட காசை எடுத்துவிடலாம் என்றும் ஒரு யோசனை. 10 வருடம் தாண்டிய டீசல் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்கிறார்களே, எஞ்சின் மாற்றினால் அதற்கும் தப்பலாமா? வக்கீலம்மா, சட்டப்படி செய்ய வழி உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்."

தம்பி, அதை மட்டும் சொல்வதென்றால் ஒரு வரியில் முடித்துவிடலாம்: நீங்கள் கேட்கிற மாதிரிக்கு வழி இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் எஞ்சினைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அது உங்கள் கண்ணில் படவே இல்லை. ஆர்.சி. நகலையும் இன்ஷூரன்ஸ் நகலையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள், நல்லவேளை. நான் முதலில் பார்த்தது எஞ்சின் எண்ணை அல்ல, உரிமையாளர் பெயரை.

வண்டி இன்னும் அப்பா பெயரில்

இரண்டு வருடமாகியும் ஆர்.சி.யில் அப்பா பெயர்தான். உரிமையாளர் இறந்துபோனால் வண்டியை வைத்திருக்கும் வாரிசு 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் கொடுக்கும் சலுகை அந்த மூன்று மாதம்தான். அதைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டீர்கள்.

இதைவிட எனக்குக் கவலை தந்தது இன்ஷூரன்ஸ் தாள். அப்பா இறந்த பிறகும் அவர் பெயரிலேயே செல்போனில் இரண்டு முறை புதுப்பித்திருக்கிறீர்கள். பணம் போயிற்று, பாலிசி வந்தது, சரி என்று இருந்துவிட்டீர்கள். மோட்டார் பாலிசியின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: காப்பீடு எடுத்தவர் இறந்தால் பாலிசி மூன்று மாதம் வரையோ அதன் காலம் முடியும் வரையோ, எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் செல்லும். அதற்குள் வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாத மனிதர் பெயரில் எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் கம்பெனி வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வி எதுவென்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே எஞ்சின் பேச்சை எடுக்கும் முன் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். இ-சேவை மையத்திலேயே பதிவு செய்யலாம். அம்மா இருக்கிறார்கள், கல்யாணமாகிப் போன தங்கை இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஜீப்பில் அவர்களுக்கும் பங்கு உண்டு. உங்கள் பெயருக்கு மாற்ற அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தங்கை சம்மதிப்பார், அதில் சந்தேகம் இல்லை என்கிறீர்கள். சம்மதிக்கட்டும். ஆனால் அவரிடம் கேட்காமலே அப்பாவின் எஞ்சினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, பிறகு கையெழுத்துக்கு நிற்காதீர்கள். குடும்பத்தில் இந்த மாதிரிச் சின்ன விஷயம்தான் பெரிதாகும்.

தாமதத்துக்கு அபராதம் வரும். கட்டிவிட்டால் தீர்ந்தது. இதில் பயப்பட ஒன்றுமில்லை.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் 52-ஆம் பிரிவு இதைப் பற்றியதுதான். வண்டியைத் தயாரித்தவர் எந்த விவரத்தோடு தயாரித்தாரோ, பதிவுச் சான்றிதழில் உள்ளது அதற்கு மாறாகிவிடும்படி உரிமையாளர் எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கமாகச் சொல்லிவிட்டது. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பை மாற்றும் எந்த மாற்றத்தையும் பதிவு அலுவலகம் ஏற்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. அதற்கு முன்பு அலுவலகத்துக்கு அலுவலகம் நடைமுறை வேறாக இருந்ததும், ஆய்வாளர் பார்த்துச் சரி என்றால் புத்தகத்தில் ஏறிவிட்டதும் உண்மை. உங்கள் மெக்கானிக் சொல்வது அந்தப் பழைய காலத்துக் கதை. அவர் பொய் சொல்லவில்லை, காலம் மாறியதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

"ஒரே கம்பெனி" என்பதைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கம்பெனி ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, ரகமும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் பெஜோ எஞ்சின் உடைந்துவிட்டது, அதே ரக 2112 சி.சி. எஞ்சின் ஒன்று பில்லோடு கிடைக்கிறது என்றால் விஷயமே வேறு. அங்கே மாறுவது எண் மட்டும்தான். அதை மாட்டிவிட்டு 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து, கட்டணம் கட்டி, வண்டியைக் காட்டிப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளலாம். 2112 இருந்த இடத்தில் 2523 உட்கார்ந்தால் சி.சி. மாறுகிறது, எஞ்சின் மாடல் மாறுகிறது. கியர் பாக்ஸும் மாறுவதால் சேசிஸில் தாங்கி வைக்கும் இடங்களையே வெட்டி ஒட்ட வேண்டி வரும். அது எஞ்சின் மாற்றம் என்ற கணக்கில் வராது, வண்டியின் மாற்றம் என்ற கணக்கில்தான் வரும்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். இதே 52-ஆம் பிரிவு, பெட்ரோல் வண்டியை சி.என்.ஜி.க்கோ பேட்டரிக்கோ மாற்ற வழி விடுகிறது. அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும், விதிப்படி பொருத்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான். எஞ்சினையே தூக்கி எறிந்துவிட்டு மோட்டார் வைக்க வழி இருக்கிறது, 411 சி.சி. கூட்ட வழி இல்லை. சட்டத்தின் கணக்கு சில நேரம் இப்படித்தான் இருக்கும்.

மீறினால்? 2019 திருத்தத்தில் சேர்த்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அந்த வரி பேசுவது உரிமையாளரைப் பற்றி. மாட்டிக்கொடுத்தவர் மதுரையில் அடுத்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நம்பர் குத்துவதைப் பற்றி

இந்த ஒரு யோசனைக்காகவே உங்கள் கடிதத்துக்கு முதலில் பதில் எழுத உட்கார்ந்தேன்.

ஆர்.டி.ஓ. அலுவலக வளாகத்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள். தாளை எண்ணின் மேல் வைத்து பென்சிலை லேசாகச் சாய்த்துத் தேய்ப்பார்கள், எழுத்து அப்படியே தாளில் எழும்பி வரும். பென்சில் பிரிண்ட். அதை வருடக்கணக்கில் பார்த்துப் பழகிய பிரேக் இன்ஸ்பெக்டருக்கு, கம்பெனியில் விழுந்த எழுத்துக்கும் பட்டறையில் சுத்தியலால் விழுந்த எழுத்துக்கும் வித்தியாசம் தெரியும். இடைவெளி ஒரே அளவாக இருக்காது, ஒரு எழுத்து ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் விழுந்திருக்கும். அடியில் பழைய எண்ணை கிரைண்டரால் தேய்த்த பளபளப்பு காட்டிக்கொடுக்கும். சந்தேகம் முற்றினால் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். தேய்த்து அழித்த எண்ணை அமிலம் போட்டு எழுப்பிவிடுவார்கள்.

நம்பர் குத்தாதவரை இது போக்குவரத்துச் சட்டத்து விஷயம். குத்திய நிமிடத்திலிருந்து ஏமாற்று, போலி ஆவணம் என்று, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சம்ஹிதைக்குள் போய்விடும். கழற்றிய போலேரோ திருட்டு வண்டியாக இருந்துவிட்டால் திருட்டுப் பொருளை வைத்திருந்த குற்றமும் சேரும். "எனக்குத் தெரியாது" என்று சொல்லலாம்தான். நம்பரை மாற்றிக் குத்தியவர் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

என்னிடம் வந்த ஒருவர் கதை இது. சாயல்குடிப் பக்கம், உங்களை மாதிரியே பழைய ஜீப். பழைய சாமான் கடையில் பில் இல்லாமல் எஞ்சின் வாங்கி மாட்டினார். நம்பர் கூடக் குத்தவில்லை, ஆர்.சி.யில் ஏற்றாமல் ஓட்டினார், அவ்வளவுதான். ஒரு ராத்திரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோதனை. நம் கடற்கரை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடல் அட்டை, பீடி இலை, கஞ்சா என்று ஏதாவது ஒன்றுக்காக இங்கே எல்லா வண்டியையும் இரண்டு முறை பார்ப்பார்கள். பின்னால் மணல் ஒட்டிய ஜீப், ராத்திரி நேரம், எண் ஒத்துப்போகவில்லை. அந்த எஞ்சின் வேறு மாவட்டத்தில் காணாமல் போன வண்டியுடையது என்று தெரியவந்தது. அவருக்கு அதில் சம்பந்தமில்லை என்று நிரூபிக்க முடிந்தது, ஆனால் ஜீப் காவல் நிலையத்துக்குப் பின்னால் மூன்று மழைக்காலம் நின்றது. நீதிமன்ற உத்தரவோடு எடுக்கப் போனபோது துருப்பிடித்த தரைத் தகட்டின் ஓட்டை வழியாகச் சீமைக்கருவேலம் முளைத்து ஸ்டியரிங் உயரத்துக்கு வந்திருந்தது. வெட்டித்தான் வண்டியை வெளியே இழுத்தோம்.

ஆக, எந்தப் பழைய எஞ்சினை வாங்கினாலும், அதே ரகமாகவே இருந்தாலும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் பதிவு முறைப்படி ரத்தானதா, விற்றவர் யார் என்பதற்குத் தாள் வேண்டும். தாள் தராதவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

மணலும் பொது இடம்தான்

பெரும்பாலோர் நினைப்பதைத்தான் நீங்களும் நினைத்திருக்கிறீர்கள். ஆனால் சட்டத்தில் "பொது இடம்" என்பது தார் ரோடு மட்டுமல்ல. பொதுமக்களுக்குப் போய்வர உரிமை உள்ள எந்தச் சாலையும், பாதையும், இடமும் அதில் அடங்கும். உங்கள் ஊர்க் கரையில் வலை காய்கிறது, பெண்கள் மீன் ஏலம் எடுக்கிறார்கள், பிள்ளைகள் கபடி ஆடுகிறார்கள். அதைவிடப் பொது இடம் எது? வேலி போட்ட சொந்தத் தோப்புக்குள் மட்டும் ஓட்டுவதென்றால் வேறு பேச்சு. ஆனால் தோப்பிலிருந்து கரைக்கு வர ரோட்டைக் கடந்தாக வேண்டுமே.

மணலைப் பற்றி இன்னொன்று, சட்டத்துக்காக இல்லாமல் சொல்கிறேன். ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை மன்னார் வளைகுடாக் கரையில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும். ராத்திரியில் கரையோரமாக ஜீப் ஓட்டும்போது குழியின் மேல் ஏறிவிட்டால் முட்டைகள் நசுங்கும். ஆமையும் அதன் முட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பவை. உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்த இடங்கள் தெரியும். கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸில் ஒரு ரூபாய்கூட லாபம் இல்லை

எஞ்சின் மாறியதைக் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டால் பிரீமியம் மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அதுவும் இல்லை. தனியார் கார், ஜீப்களுக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 1,000 சி.சி. வரை ஒன்று, 1,500 வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. 2112-உம் 2523-உம் ஒரே படியில்தான் நிற்கின்றன. மறைத்து மிச்சமாகப்போவது எதுவுமில்லை.

இழப்பு எங்கே வரும் என்றால், உங்கள் வண்டிக்குச் சேதம் என்று கேட்கும்போது பாலிசியில் உள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளதும் வேறாக இருந்தால் கையை விரித்துவிடுவார்கள். அடிபட்டவர் வேறொருவர் என்றால் நிலைமை கொஞ்சம் வேறு. பெரும்பாலும் அவருக்கு இழப்பீட்டைக் கம்பெனி கொடுக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிடும், நிபந்தனை மீறல் நிரூபணமானால் அதை உங்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளக் கம்பெனிக்கு உரிமையும் தரும். குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய ஒருவர் இறந்துபோனால் அந்தத் தொகை பல லட்சம். நான் பார்த்த வழக்குகளில் அந்த வசூல் நோட்டீஸ் வீட்டுப் பத்திரத்தைத் தேடிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

தனுஷ்கோடி சவாரி

சுருக்கமாக: வேண்டாம். உங்கள் ஜீப் சொந்த உபயோகப் பதிவு. கூலிக்கு ஆள் ஏற்ற அனுமதிச் சீட்டு வேண்டும். இல்லாமல் ஏற்றினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் என்கிறது 192ஏ பிரிவு. இன்ஷூரன்ஸும் அந்தப் பயணத்துக்குச் செல்லாது. இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலிலும் தண்ணீரிலும் போக இந்த மாதிரி வண்டிகளை விட்டால் வேறு வழி இல்லை. 2017-இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்துவிட்டார்கள். இப்போது சென்னையிலிருந்து வருகிறவர் தன் காரிலேயே முனை வரை போய் நின்று படம் எடுத்துக்கொள்கிறார். உங்கள் 1,60,000-ஐ அந்தச் சவாரி திருப்பித் தராது.

10 வருட டீசல் பயமும் வேண்டாம். அது டெல்லிக்கும் அதைச் சுற்றிய பகுதிக்கும் வந்த உத்தரவு. தமிழ்நாட்டில் 15 வருடம் முடிந்த சொந்த வண்டியை ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். அப்பா 2021-இல் புதுப்பித்திருக்கிறார், ஆகவே 2026-இல் அடுத்தது. 20 வயது தாண்டிய ஜீப்புக்குக் கட்டணம் 2025-இல் இரட்டிப்பாகி 10,000 ரூபாய் ஆகிவிட்டது. பசுமை வரி தனி. புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் காட்ட வேண்டும். அப்போது பென்சில் திரும்பவும் உங்கள் எஞ்சினைத் தேடி வரும்.

சரி, மணலில் திணறும் வண்டிக்கு என்ன செய்வது?

நான் மெக்கானிக் இல்லை. அதனால் ராமநாதபுரத்தில் முப்பது வருடமாக ஜீப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் உங்கள் கடிதத்தின் அந்தப் பகுதியை மட்டும் படித்துக்காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "டயர்ல காத்து எவ்வளவு வச்சிருக்காராம்?" நீங்கள் 30 என்று எழுதியிருந்தீர்கள். சிரித்துவிட்டார். மணலில் இறங்கும் முன் 15, 18-க்கு இறக்கிவிட்டு, ஃபோர் வீலில் லோ கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரை முறுக்காமல் ஒரே சீராக எடுத்தால் இதே எஞ்சின் பாதி வேலையைச் செய்துவிடும் என்கிறார். திரும்பத் தார் ரோடு ஏறும் முன் காற்றை நிரப்பிவிட வேண்டும், அதை மறந்தால் டயர் போய்விடும்.

அவர் சொன்ன மற்றதையும் எழுதிவிடுகிறேன். அந்த போலேரோ எஞ்சினுக்கும் உங்கள் பெஜோவுக்கும் குதிரைத்திறனில் பெரிய வித்தியாசம் கிடையாதாம். சி.சி. கூடியிருக்கிறதே தவிர அது குறைந்த சுற்றில் இழுப்பதற்காகச் செய்தது. வித்தியாசம் இழுவையில்தான். புகையும் திணறலும் வருவது எஞ்சின் சின்னது என்பதால் அல்ல, கிழடு தட்டியதால். ஸ்லீவ், பிஸ்டன், ரிங் மாற்றி, டீசல் பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் வைத்து அளந்து, நாசில் மாற்றினால் அப்பா ஓட்டிய காலத்து இழுவை திரும்பிவிடும் என்கிறார். மதுரைக்காரர் கேட்ட தொகையில் பாதிகூட ஆகாது என்பது அவர் கணக்கு, பாகம் கிடைப்பதைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கலாம். ஓவர்ஹாலுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எண்ணும் மாறாது, சி.சி.யும் மாறாது.

காசைச் செலவழிக்கும் முன் இன்னொன்று பார்க்கச் சொன்னார். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சேசிஸ் சட்டத்தை, குறிப்பாகப் பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடத்தை, பெரிய ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். டங் என்று ஒலித்தால் சரி. பொதுக்கென்று இறங்கினால் உப்புக்காற்று உள்ளே தின்றுவிட்டது என்று அர்த்தம். அந்த சேசிஸில் புது எஞ்சின் என்ன, பழைய எஞ்சினைக்கூட நம்பி வள்ளத்தைக் கட்டி இழுக்கக்கூடாது. அப்படியிருந்தால் 1,60,000-ஐ வைத்துக்கொண்டு, கம்பெனியிலிருந்தே பெரிய எஞ்சினோடு வந்த பழைய ஃபோர் வீல் வண்டி ஒன்றைத் தேடுவதுதான் சரி. 2523 சி.சி. என்று அதன் ஆர்.சி.யிலேயே இருக்கும். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு சொல்லியும் பெரிய எஞ்சின்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், கழற்றும் முன் ஒன்று செய்யுங்கள். பெயர் மாற்றம் முடிந்ததும், உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளர் அங்கீகாரம் பெற்ற வேறு எஞ்சின் உண்டா, அதைப் பொருத்தினால் ஏற்பீர்களா என்று ராமநாதபுரம் பதிவு அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மறுப்பு உத்தரவு வந்தால் 57-ஆம் பிரிவின்படி 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. 2019 தீர்ப்புக்குப் பிறகு அதில் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் கேட்பது குற்றமில்லை, கேட்காமல் வெட்டுவதுதான் குற்றம்.

கடைசியாக அந்த 15,000. திரும்பக் கேட்டால் மெக்கானிக் தரமாட்டார் என்று பயந்திருக்கிறீர்கள். ரசீது இல்லை, ஆனால் ஜி-பேயில் அனுப்பியது பதிவாக இருக்கிறது, அது போதும். சண்டைக்குப் போக வேண்டாம். எஞ்சின் வேண்டாம், அதே பணத்தை என் பழைய எஞ்சினை ஓவர்ஹால் செய்யும் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். தொழில்காரர்கள் வேலை கிடைக்கிறது என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பேசும்போது வாட்ஸ்ஆப்பில் எழுத்தாகவே பேசுங்கள். நம்பர் குத்தும் பேச்சை அவர் மறுபடி எடுத்தால் "வேண்டாம்" என்று அதிலேயே பதில் போட்டுவிடுங்கள். வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் நகலோடு ஒரு வரி எழுதுங்கள். படிவம் 31-ஐ எப்படி நிரப்புவது என்று அப்போது சொல்கிறேன்.